முடி உதிர்வு மருந்தில் சரியான டோஸ் எப்படி முடிவாகிறது?

"அஞ்சு மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலா உடைச்சுப் போடு, காசு மிச்சம்." "ஒரு மில்லிகிராம்லாம் வேலைக்கு ஆகாது, ரெண்டு போடு." "தினமும் எதுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்." முன்நெற்றி ஏறத் தொடங்கிய எந்த இளைஞனுக்கும் இந்த மூன்று யோசனைகளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிடும். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சொல்பவர்களோ மூவரும் உறுதியாகவே சொல்வார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், டோஸ் என்பதை மருந்தின் 'பவர்' என்று நாம் நினைத்துக்கொள்வது. பவர் கூடினால் பலனும் கூட வேண்டும் என்று அடுத்து நினைக்கிறோம். சில மருந்துகளில் ஓரளவு அப்படித்தான். முடி உதிர்வுக்கு அதிகம் எழுதித் தரப்படும் ஃபினாஸ்டிரைடில் அப்படி இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால், மேலே சொன்ன யோசனைகளில் எது எங்கே தடுமாறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

டோஸ் என்றால் ஒரு வேளைக்கு உடலுக்குள் போகும் மருந்தின் அளவு. அதை மில்லிகிராமில், சுருக்கமாக மி.கி. என்று, சொல்வார்கள். மருந்துக்கடையில் பலர் "அஞ்சு மில்லி மாத்திரை" என்று கேட்கிறார்கள். மில்லி என்பது திரவத்தை அளப்பது, மி.கி. என்பது எடை. தலையில் தடவும் மருந்துக்கு வரும்போது இந்த இரண்டும் கலந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில், இது எந்த முடி உதிர்வு?

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, கோவிட் போன்ற கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு வகை. பெரும்பாலும் அது தானாகவே நின்று முடி திரும்ப முளைக்கும். இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் கொட்டலாம். அப்போது அந்தக் குறையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கட்டுரை பேசுவது பரம்பரை வழுக்கையைப் பற்றி. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சந்தலையிலும் முடி மெல்ல மெலிந்து, குட்டையாகி, மறைந்துபோகும் வகை. உங்களுக்கு இருப்பது இதுதானா என்று தெரியாமல் டோஸைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை. தவறான நோய்க்குச் சரியான டோஸ் என்று ஒன்று கிடையாது.

மாவு மிஷினும் டிஹெச்டியும்

தெருமுனை மாவு மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி உள்ளே போகிறது, அரைபட்டு மாவாக வெளியே வருகிறது. நம் உடலில் அரிசியின் இடத்தில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். மாவின் இடத்தில் வருவது அதைவிட வீரியமான இன்னொரு ஹார்மோன், டிஹெச்டி. மிஷினின் இடத்தில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. நொதி என்றால் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றித்தரும் புரதம்.

பரம்பரையாக வழுக்கைத் தன்மை உள்ளவர்களின் முடிவேர்கள் டிஹெச்டியைத் தாங்குவதில்லை. ஒரு முடி சாதாரணமாக 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும், அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். டிஹெச்டியால் அந்த வளரும் காலம் சுற்றுக்குச் சுற்று சுருங்குகிறது. முடியும் ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மெல்லியதாக வருகிறது.

ஃபினாஸ்டிரைடு செய்வது ஒரே வேலை. பார்ப்பதற்கு அரிசி போலவே இருக்கும் கல்லாக அது மிஷினுக்குள் போகிறது. டெஸ்டோஸ்டிரோனின் வடிவத்தை ஒத்திருப்பதால் நொதி அதையும் பிடித்து மாற்றப் பார்க்கிறது, முடியாமல் இறுகிக்கொள்கிறது. மிஷின் நின்றுவிடுகிறது.

டோஸின் ரகசியம் இங்கேதான். கடையில் பத்து மிஷின் இருந்தால் பத்துக் கல் போதும். ஐம்பது கல் போட்டாலும் நிற்கப்போவது அதே பத்து மிஷின்தான். மீதி நாற்பது கல்லுக்கு அங்கே வேலை இல்லை.

சுருக்கமாக: வழுக்கைக்குக் காரணம் டிஹெச்டி, அதை உண்டாக்குவது ஒரு நொதி, ஃபினாஸ்டிரைடு அந்த நொதியை நிறுத்துகிறது. நிறுத்த வேண்டிய நொதிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு.

ஒரு மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்கள் போலத் தோன்றி, பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். இவர்களுக்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு இருப்பதை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974இல் விளக்கினார்கள். இவர்கள் வளர்ந்த பிறகும் புராஸ்டேட் சுரப்பி (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பது) சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. நொதியை மருந்தால் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற தேடல் அங்கிருந்து வலுப்பெற்றது.

அமெரிக்காவில் 1992இல் ஃபினாஸ்டிரைடு 5 மி.கி. மாத்திரையாக அனுமதி பெற்றது. அது முடிக்காக வரவில்லை, வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக வந்தது. முடிக்கான 1 மி.கி. மாத்திரைக்கு 1997இல்தான் அனுமதி கிடைத்தது. "ஐந்து பெரிய டோஸ், ஒன்று சின்ன டோஸ்" என்ற எண்ணம் இந்த இரண்டு மாத்திரைகளிலிருந்துதான் கிளம்பியது. உண்மையில் அவை இரு வேறு நோய்களுக்கானவை.

முடிக்கு எவ்வளவு போதும் என்று பார்க்க, வழுக்கை உள்ள ஆண்களுக்கு வெவ்வேறு அளவுகளை 42 நாள் கொடுத்து, தலைத்தோலில் டிஹெச்டி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். 1999இல் வெளியான முடிவுகள் இவை. 0.01 மி.கி. கொடுத்தபோது மருந்தே இல்லாத மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 0.2 மி.கி.யில் 56.5 சதவீதம் குறைந்தது. 1 மி.கி.யில் 64.1 சதவீதம். 5 மி.கி.யில் 69.4 சதவீதம்.

இந்த எண்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். 0.01இலிருந்து 0.2க்குப் போகும்போது டிஹெச்டி செங்குத்தாக இறங்குகிறது. 0.2இலிருந்து 1க்கு டோஸ் ஐந்து மடங்கானாலும் கிடைப்பது எட்டு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. 1இலிருந்து 5க்கு மறுபடி ஐந்து மடங்கு, கிடைப்பதோ ஐந்து புள்ளி. இரத்தத்தில் அளந்தபோது 1 மி.கி.க்கும் 5 மி.கி.க்கும் நடுவில் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை, 71.4, 72.2 என்று வந்தது.

மீதி முப்பது சதவீதம் ஏன் குறைவதில்லை? இந்த மிஷினில் இரண்டு ரகம் இருக்கிறது. இரண்டாம் ரகம் முடிவேரிலும் புராஸ்டேட்டிலும் அதிகம். முதல் ரகம் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. ஃபினாஸ்டிரைடு இரண்டாம் ரகத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். எத்தனை மாத்திரை கூட்டினாலும் முதல் ரகம் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு ரகத்தையும் நிறுத்தும் மருந்து டூடாஸ்டிரைடு. 0.5 மி.கி.யில் இரத்தத்தின் டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். தென்கொரியாவும் ஜப்பானும் அதை வழுக்கைக்கு அனுமதித்திருக்கின்றன. அமெரிக்காவில் அதன் அனுமதி புராஸ்டேட்டுக்கு மட்டும்தான். ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. போதவில்லை என்று டாக்டர் கருதினால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிப்பார். அதே மாத்திரையை இரண்டாக்கிப் போடுவதில் அர்த்தம் இல்லை.

இரத்தத்தில் ஆறு மணி நேரம், வேலையோ பல நாள்

இன்னொரு தவறான கணக்கு அரை ஆயுளைப் பற்றியது. அரை ஆயுள் என்றால் இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். ஃபினாஸ்டிரைடுக்கு அது 5 முதல் 6 மணி நேரம். இதைப் படித்துவிட்டுச் சிலர் "அப்படின்னா காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடணும்" என்கிறார்கள்.

கல் போட்டவன் வீட்டுக்குப் போய்விட்டாலும் சிக்கிய கல் மிஷினுக்குள்ளேதான் இருக்கிறது. இரத்தத்தில் மருந்து தீர்ந்த பிறகும் நொதியோடு இறுகியது எளிதில் விடுபடாது. அந்தப் பிணைப்பின் அரை ஆயுள் சுமார் 30 நாள். ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை, புது மிஷின்களைச் செய்து இறக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் மாத்திரையை அடியோடு நிறுத்தினால் சுமார் 14 நாளில் டிஹெச்டி பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை என்பதும், மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம் என்பதும் இதனால்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா? இந்த இயக்கத்தை வைத்துப் பார்த்தால் அதில் ஓரளவு நியாயம் தெரிகிறது. ஆனால் அனுமதிக்கு அடிப்படையான பெரிய சோதனைகள் எல்லாம் தினமும் கொடுத்து நடத்தப்பட்டவை. இடைவெளி விடுவதை உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

மினாக்சிடில் வேறு கதை

மினாக்சிடிலுக்கும் மாவு மிஷினுக்கும் சம்பந்தம் இல்லை. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து. கடுமையான இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்ந்தது. அந்தப் பக்க விளைவையே பலனாக்கி, 1988இல் தலையில் தடவும் 2 சதவீதத் திரவம் வந்தது. பிறகு ஆண்களுக்கு 5 சதவீதம்.

இங்கே சதவீதம் என்பது செறிவு, அதாவது குறிப்பிட்ட அளவு திரவத்தில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பது. 5 சதவீதத் திரவத்தின் ஒரு மில்லியில் 50 மி.கி. மருந்து இருக்கும். சொட்டுக்குழாயில் 1 மில்லி கோடு வரை எடுத்து, காலையும் இரவும் தடவினால் நாளுக்கு 100 மி.கி. அதில் சராசரியாக 1.4 சதவீதம்தான் தோலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறது, ஏறக்குறைய ஒன்றரை மி.கி. மீதி தலையிலும் தலையணையிலும் குளியல் தண்ணீரிலும் போய்விடுகிறது. அதனால் கையைத் தலைக்குக் கொண்டுபோகும் விதமே டோஸைத் தீர்மானிக்கிறது. வகிடு பிரித்து, முடியில் வழியவிடாமல் தோலில் படும்படி தடவி, அது காயும்வரை விட்டால்தான் ஒரு மில்லி ஒரு மில்லியாக இருக்கும். ஈரத் தலையில் அள்ளிப் பூசினால் கணக்கு போயிற்று.

ஆண்களிடம் 48 வாரம் நடந்த ஒரு சோதனையில் 5 சதவீதம் 2 சதவீதத்தைவிடத் தெளிவாக நல்ல பலன் தந்தது. "அப்போ 10 சதவீதம் இன்னும் நல்லதுதானே?" என்ற கேள்வி வரும். 10 சதவீதமும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. செறிவு ஏற ஏறத் தோல் அரிப்பும் எரிச்சலும் கூடும், முடி அதே வேகத்தில் கூடாது. காரணம், மினாக்சிடில் தானாக வேலை செய்வதில்லை. முடிவேரில் உள்ள சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் பலன். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு எவ்வளவு ஊற்றினாலும் பெரிய மாற்றம் தெரியாது. ஒரே பாட்டிலால் ஒருவருக்கு அடர்த்தியாக வளர்வதற்கும் இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகாமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது டாக்டர்கள் குறைந்த டோஸ் மினாக்சிடில் மாத்திரையும் எழுதுகிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 0.25 முதல் 1.25 மி.கி., ஆண்களுக்கு 2.5 முதல் 5 மி.கி. அளவில். இரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகக் கொடுத்தது 10 முதல் 40 மி.கி. இந்த மருந்தில் டோஸ் ஏறினால் விளைவும் நிஜமாகவே ஏறும்: கால் வீக்கம், படபடப்பு, தலைசுற்றல், வேண்டாத இடத்தில் முடி. பெரிய டோஸில் இதயத்தைச் சுற்றி நீர் கோப்பதும் நடந்திருக்கிறது. ஃபினாஸ்டிரைடில் டோஸைக் கூட்டினால் பெரும்பாலும் வீண். மினாக்சிடில் மாத்திரையில் கூட்டினால் ஆபத்து. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் "முடி மாத்திரை" என்று சொல்லிவிடுவதால்தான் எனக்குக் கவலை.

ஸ்பெயினில் 2019இல் நடந்தது இது. குழந்தைகளின் வயிற்று அமிலத்துக்கான ஒமிப்ரசோல் மருந்தில் மினாக்சிடில் தவறாகக் கலந்துவிட்டது. கைக்குழந்தைகளின் முகத்திலும் முதுகிலும் முடி முளைத்தது. நெற்றியில் எல்லாம் வளர்ந்ததைப் பார்த்துப் பெற்றோர் பதறிப்போனார்கள். மருந்தை நிறுத்திய பிறகு அந்த முடி குறைந்தது. வாய்வழியாக உள்ளே போகும் மினாக்சிடில் தலைக்கு மட்டும் போய் நிற்காது. வீட்டில் பூனை இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தலையில் தடவும் திரவம் சிந்தியதை அது நக்கினாலே உயிருக்கு ஆபத்து.

சுருக்கமாக: தடவும் மினாக்சிடிலில் செறிவு, அளவு, தடவும் விதம் மூன்றும் சேர்ந்ததுதான் டோஸ். மாத்திரையில் மி.கி. ஒவ்வொன்றும் கணக்கு, இரத்த அழுத்தம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்க விளைவும் டோஸும்

ஃபினாஸ்டிரைடு 1 மி.கி.யின் முதல் ஆண்டுச் சோதனைகளில் ஆசை குறைதல், விறைப்புக் குறைதல் போன்ற பாலியல் பக்க விளைவுகள் 3.8 சதவீதம் பேருக்கு வந்தன. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 2.1 சதவீதம். பெரும்பாலானோருக்கு வராது என்பது உண்மை. மருந்தை நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொன்னவர்கள் உண்டு என்பதும் உண்மை, மருந்தின் குறிப்புத்தாளிலேயே அது இருக்கிறது. தற்கொலை எண்ணங்கள் வரக்கூடும் என்பதை 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிப்படுத்தியது. மனச்சோர்வு இருந்தவர்கள் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

பயந்தவர்கள் மாத்திரையைப் பாதியாக்குகிறார்கள். மேலே பார்த்த எண்கள் இங்கேயும் பொருந்தும். 0.2 மி.கி.யிலேயே டிஹெச்டி பெருமளவு இறங்கிவிடுவதால், பாதி மாத்திரை என்றால் பாதி விளைவு என்று கணக்குப் போட முடியாது. தடவும் ஃபினாஸ்டிரைடு திரவத்துக்கும் இது பொருந்தும். அதுவும் இரத்தத்துக்குள் போகும், அதைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்திருக்கிறது.

5 மி.கி.யை நாலாக உடைப்பதற்கு வருவோம். ஒரு துண்டு ஏறக்குறைய 1.25 மி.கி. டிஹெச்டி கணக்கில் அது பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில். உடைத்த மாத்திரையின் தூளைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. உறை பிரியாத முழு மாத்திரையில் அந்தப் பயம் குறைவு. அடுக்களை மேடையில் கத்தி வைத்து மாத்திரை நறுக்கும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், மிச்சமாகும் காசு மிச்சமே இல்லை.

பெண்களுக்கு இந்த 1 மி.கி. கணக்கு பொருந்தாது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஓராண்டு சோதித்தபோது 1 மி.கி. பலன் தரவில்லை. கணவரின் மாத்திரையில் பாதியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது.

பயோட்டின் மாத்திரையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம். கடையில் விற்பது பலதும் 10 மி.கி., முந்நூறு மடங்குக்கும் மேல். வழுக்கைக்கு அதனால் பலன் இல்லை, தைராய்டு பரிசோதனை முடிவுகளை வேறு தப்பாகக் காட்டிவிடும்.

டோஸில் மறந்துபோகும் பகுதி: காலம்

முதல் மாதத்திலேயே டோஸைக் கூட்டத் தோன்றுவதற்குக் காரணம், ஒன்றும் நடக்கவில்லையே என்ற தவிப்பு. மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடவும் செய்யும். ஓய்வில் இருந்த முடிகள் புது முடிக்கு இடம் விட்டு விழுகின்றன. அந்த நேரத்தில் பயந்து நிறுத்துபவர்களும் அதிகம், டோஸை இரட்டிப்பாக்குபவர்களும் அதிகம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஃபினாஸ்டிரைடில் மூன்று மாதத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று பேசலாம்.

உச்சந்தலையில் சுமார் 5 சதுர சென்டிமீட்டர் வட்டத்துக்குள் முடிகளை எண்ணிய சோதனை ஒன்று உண்டு. தொடக்கத்தில் சராசரியாக 876 முடி. ஓராண்டில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே 107 முடி வித்தியாசம். இரண்டாம் ஆண்டில் 138. ஐந்தாம் ஆண்டில் 277. டோஸ் கடைசிவரை அதே 1 மி.கி.தான். மருந்து எடுக்காதவர்களுக்கு முடி போய்க்கொண்டே இருந்ததால்தான் வித்தியாசம் இவ்வளவு பெரிதானது. மருந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் இருந்ததைத் தக்கவைத்துக்கொண்டார்கள். நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்த லாபம் கரைந்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது

டாக்டர் டோஸ் எழுதுவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டியவை சில: உங்கள் இரத்த அழுத்தம், அதற்கு ஏற்கெனவே போடும் மாத்திரைகள், இதயப் பிரச்சினை, கல்லீரல் பிரச்சினை, மனச்சோர்வு, குழந்தைக்கு முயல்கிறீர்களா என்பது. கூச்சப்பட்டு விடுபடுவது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான். மருந்து தொடங்கும் நாளில் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் உச்சந்தலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியை நம்புவதைவிட அதை நம்பலாம்.

ஃபினாஸ்டிரைடு எடுக்கும் ஆண் நடுத்தர வயதில் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனைக்குப் போனால், மருந்து சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சொல்லாவிட்டால் அபாயமான எண்ணும் இயல்பானதாகத் தோன்றும். இரத்ததானம் செய்ய நினைத்தால் ஃபினாஸ்டிரைடு நிறுத்தி ஒரு மாதமும், டூடாஸ்டிரைடு நிறுத்தி ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.